‘எடு’ என்ற பொத்தான்

ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு மாடத்தி என் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்பது கொஞ்சம் பெரிய சொல். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஒரே ஓர் அறை. என் பெயர் ஜாபஸ். முன்பு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். இப்போது ஏழு அச்சகங்களுக்கும் நான்கு பட்டாசு ஆலைகளுக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

மாடத்தி அந்த நான்கில் ஓர் ஆலையில், நாரணாபுரத்துக்குப் பக்கத்தில், பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்பவர். பிரிண்டர் பழுது பார்க்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டார். உள்ளே வருமுன் வாசல் கிரில்லை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழையும்போது உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும்; அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது.

“சார், உங்க பொட்டிக்குள்ள என் பேரு கெடக்காம். மேனேஜர் அண்ணாச்சி சொல்லிவிட்டாக. எடுத்துத் தாங்க.”

“உக்காருங்கக்கா. எந்தப் பொட்டி?”

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் நீவி வைத்தார். போர்மேன் தேர்வுக்கான விண்ணப்பம். மருந்து அறையில் தொடர்ந்து இருபத்துநான்கு மாதம் வேலை பார்த்ததற்கு வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் இணைக்கப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, ஜூன் பன்னிரண்டு, மாலை ஐந்து மணி. விருதுநகரில் நேரில் கொடுக்க வேண்டும். வயது நாற்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது.

“எனக்கு ஆவணி வந்தா நாப்பத்தாறு” என்றார் மாடத்தி. “இந்தத் தடவை விட்டா அம்புட்டுத்தான். பத்தொம்பது வருசமா வர்ற போர்மேனுக்கெல்லாம் நாந்தான் சொல்லிக்கொடுக்கேன், இன்னைக்கு ஈரக்காத்து, இந்த மருந்தைத் தொடாதீகன்னு. சொல்லிக்கொடுக்குறது நானு, கையெழுத்துப் போடுறது அவுக. ஒருக்கா நானும் போட்டுப் பாக்குறேனே.”

ஆலையில் பல பகுதிகளில் மாறி மாறி வேலை பார்த்தவர், மருந்து அறையில் தொடர்ந்து இருந்தது 2022 ஜனவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை. சரியாக இருபத்துநான்கு மாதம். 2024 ஜனவரி பிறந்ததும் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, ஒரு மாதம்கூட உபரி கிடையாது.

ஆலை மேனேஜர் தனுஷ்கோடி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். காகிதப் பதிவேடு இருந்தால் என் வேலையே வேண்டாமே.

“பதிவேடா? அதெல்லாம் குளா சுருட்டப் போயிருச்சே தம்பி.”

“எது அண்ணாச்சி?”

“பட்டாசுக் குளா, மருந்து அடைக்கிற பேப்பர் உருளை. பளைய பேப்பர் எதையும் ஆலைக்குள்ள வச்சுக்கிட மாட்டோம்ல? நீங்கதான் ஸ்கேன் பண்ணிட்டீகளே, இனிமே எதுக்குன்னு மொத்தத்தையும் சுருட்டுக்குக் குடுத்துட்டேன். போன தீபாவளிக்கே வெடிச்சிருக்கும். நல்லாத்தான் வெடிச்சுச்சாம்.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“கூட யாரு சிரிக்கா? மாடத்தியா? ஏத்தா, கவலப்படாத. வாத்தியார் பத்திரமா வச்சிருப்பாரு” என்றார் அண்ணாச்சி. “என்ன வாத்தியாரே, வச்சிருக்கீகல்ல?”

“வச்சிருக்கேன் அண்ணாச்சி” என்றேன்.

வைத்திருந்தது உண்மை. நான்கு வருடங்களுக்கு முன் நானே ஒரு பேக்கப் கருவி எழுதினேன். பெட்டகம் என்று பெயர். திரையில் இரண்டே பொத்தான்கள்: ‘போடு’, ‘எடு’. போடு என்றால் ஆலையின் ஃபைல்கள் கிளவுடுக்குப் போகும். எடு என்றால் திரும்பி வரும். ஆறு மாதமாக யாரும் திறக்காத ஃபைல்களைப் பெட்டகம் தானாகவே, ஆலைக்காரர்கள் வைத்த வருடப் பெயரிலேயே கட்டுக்கட்டாகக் கட்டி, கிளவுடில் குளிர்க்கிடங்கு என்று சொல்லப்படும் ஆழமான பகுதிக்கு அனுப்பிவிடும். அங்கே வாடகை மிகக் குறைவு. தேவையில்லாத பழசுக்கு அது போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

மாடத்திக்கு முன்னாலேயே அண்ணாச்சியின் ஆலையைத் தேர்ந்து, 2022 என்ற கட்டைத் தொட்டு, ‘எடு’வை அழுத்தினேன். திரையில் சிவப்பில் ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. இந்தப் பொருள் இப்போது எடுக்கும் நிலையில் இல்லை என்று அதற்கு அர்த்தம். இன்னொரு தடவை அழுத்தினேன். அதே வரி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பொத்தானை எழுதிய நாளில் புதிய ஃபைல்களை வைத்துத்தான் சோதித்தேன். அவை கிளவுடின் முன் அலமாரியில் இருப்பவை. கேட்ட நொடியில் வரும். குளிர்க்கிடங்கில் இருப்பவை அப்படி வராது. அதற்கென்று தனியாகக் கோரிக்கை எழுத வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவர்கள் ஒரு நகலை முன்னால் எடுத்து வைத்த பிறகுதான் நாம் இறக்கிக்கொள்ள முடியும். அந்த வேலைக்கான ஒரு வரிகூட என் கருவியில் இல்லை. நான்கு வருடமாகப் பதினோரு கம்பெனிகளின் பழசையெல்லாம் உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை.

இதை மாடத்தியிடம் சொல்லாமல் சமாளித்திருக்கலாம். சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்வது இந்தத் தொழிலில் சாதாரணம். ஆனால் அவர் வெள்ளிக்கிழமையை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

“போட்டு வைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எடுக்கத் தெரியாதா சார்?”

“தெரியும்க்கா. இதுவரைக்கும் எழுதலை. இன்னைக்கு எழுதணும்.”

“இந்தக் கெடங்கு நம்ம மேகசின் மாதிரியா?” என்றார். செய்து முடித்த பட்டாசை வைக்கும் தனிக் கட்டடத்துக்கு அங்கே மேகசின் என்று பெயர். வேலை நடக்கும் அறைகளிலிருந்து எட்டத்தில் இருக்கும். “கேட்ட ஒடனே தொறக்க மாட்டாக. போர்மேன் வரணும், சாவி வரணும், இத்தனை பொட்டின்னு எளுதணும். வெளிய எடுத்து வச்சதை வச்சபடி விடவும் கூடாது. லோடு ஏத்திரணும்.”

“அதேதான்க்கா. எடுத்து வைக்கிற நகல் அஞ்சு நாளைக்குத்தான் வெளிய இருக்கும். அப்புறம் போயிரும். உள்ள இருக்கிற அசல் அங்கனயேதான் இருக்கும்.”

“அப்ப வெவரமாத்தான் வச்சிருக்காக. நீங்கதான் சாவி செய்யாம விட்டுட்டீக” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். “வந்துருமா சார்?”

“வரணும். வந்து பாத்தாத்தான் தெரியும்.”

“சரி” என்று போய்விட்டார்.

நான் எதையும் முதலில் முழுநீளத் தாளில் எழுதிப் பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை: அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு விஷயம். அன்றைக்கும் அப்படியே எழுதினேன். யார் கேட்கிறார், எந்தக் கட்டு, எத்தனை நாள் வெளியே இருக்க வேண்டும். கோரிக்கை போன பிறகு மணிக்கு ஒரு தடவை தயாரா என்று விசாரிக்க வேண்டும். தயாரானால் இறக்க வேண்டும். இறக்கியதும், போட்ட நாளில் குறித்து வைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டரை நடுவில் அணைத்துவிட்டால் கோரிக்கை மறந்துபோகக் கூடாது. அதனால் அதை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்க வேண்டும். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. அதைப் பார்த்துக் கருவிக்குள் எழுதி முடிக்க மாலை ஐந்து மணி ஆகிவிட்டது.

இதற்கிடையில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது, கோரிக்கை போட்டதும் திரையில் என்ன வர வேண்டும் என்று என் மனைவி ரீனாவிடம் கேட்டேன். ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று போடலாமா?

ரீனா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தட்டில் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “எங்ககிட்டயும் அந்த போர்டு இருக்குங்க. அதைப் பாத்து ஒருத்தரும் காத்திருக்கிறதில்ல. எத்தனை மணிக்கு டாக்டர் வருவாருன்னு என்னையத்தான் பிடுங்குறாக. மணியைச் சொல்லிட்டா பேசாம போயி டீ குடிச்சிட்டு வந்துருவாக.”

ஆகவே இப்படி எழுதினேன்: ‘உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்குள் வந்துவிடும். அதுவரை கம்ப்யூட்டரை அணைத்து வைக்கலாம்.’ கிழமையையும் மணியையும் கருவியே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும்.

குளிர்க்கிடங்கிலிருந்து எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நாற்பத்தெட்டு மணி நேரம், மற்றது பன்னிரண்டு. புதன்கிழமை மாலை வந்தாலே போதும், இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது என்று நாற்பத்தெட்டை மட்டும் எழுதினேன். அண்ணாச்சியின் ஆலைக் கட்டுகளில் எனக்கு வேண்டியவை 2022, 2023 என்ற இரண்டு. இரண்டையும் தேர்ந்தேன். ஐந்தரைக்கு ‘எடு’வை அழுத்தினேன். சிவப்பு வரி வரவில்லை. என் வாக்கியம் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு அச்சகத்தில் காலண்டர் ஆல்பம் வேலைக்குப் போனேன். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருடக் காலண்டரின் மாதிரிகளை வெளியிடுவார்கள்; அதனால் எல்லா அச்சகங்களிலும் இப்போதே பரபரப்பு. நடுநடுவே போனில் குறிப்பேட்டைப் பார்த்தேன். ‘இன்னும் இல்லை’ என்று மணிக்கு ஒரு வரி சேர்ந்துகொண்டிருந்தது. புதன்கிழமையும் அப்படியே. மாலை நான்கரைக்கு ‘வந்துவிட்டது’ என்று ஒரு வரி விழுந்தது. இறக்கினேன். அறுநூற்றுச் சொச்சம் ஃபைல்கள். எண்ணிக்கை பொருந்தியது. ஒன்றைத் திறந்தேன். ரூல் போட்ட பதிவேட்டுப் பக்கம், ஓரத்தில் யாருடைய கட்டை விரலோ ஸ்கேனரில் விழுந்திருந்தது. அந்த விரலைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மாடத்திக்குப் போன் செய்து, காலையில் வாருங்கள் என்றேன்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வந்தார். மருந்து அறைப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இது கருத்தப்பாண்டி மக கல்யாணம். அன்னைக்கு நான் மட்டுந்தான் வேலைக்கு வந்தேன், கடன்காரி மாதிரி. இந்தா, இது நல்ல மழை. மதியத்தோட அனுப்பிட்டாக.” பேசிக்கொண்டே புரட்டியவர் கடைசித் தாளில் நின்றார். அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “மிச்சம் எங்க சார்?”

“எது மிச்சம்?”

“இது தீபாவளிக்கு முந்தின வாரம். மார்கழி எங்க?”

கடைசித் தாளில் தேதி 2023 நவம்பர் எட்டு. முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். 2021 நவம்பர். அவர் மருந்து அறைக்கு வருவதற்கு முந்தைய மாதங்கள்.

“அண்ணாச்சி 2023-ன்னு போட்ட கட்டுலதானே எல்லாம் இருக்கணும்?”

மாடத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தீபாவளியோட அந்த வருசம் முடிஞ்சு போச்சுல்ல? அப்புறம் ஆரம்பிக்கிறது அடுத்த சீசனு. ஜனவரியிலயா சார் வருசம் பொறக்கும்?”

எனக்கு ஜனவரியில்தான் பிறக்கும். புத்தாண்டு ஆராதனைக்குப் போய் வந்து காலண்டரை மாட்டும் வீட்டில் வளர்ந்தவன். அவர்களுக்கோ ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரைதான் வருடம். அந்த 2023 டிசம்பர் கிடப்பது 2024 என்ற கட்டில். இத்தனைக்கும் அந்த ஆலைகளிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் பிறந்தவன் நான்; சீசன் என்ற வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறவன். முந்தின நாள் மாலையிலேயே முதல் தாளின் தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் ஃபைல்களை எண்ணினேன், தேதியைப் படிக்கவில்லை.

“தப்பு என் மேலதான்க்கா” என்றேன்.

“தப்பு இருக்கட்டும். மார்கழி வருமா வராதா?”

மணி பத்து. நாற்பத்தெட்டு மணி நேர வழியில் போனால் சனிக்கிழமை காலை. அது உதவாது. பன்னிரண்டு மணி நேர வழியைத்தான் எழுத வேண்டும். யாருக்கு அவ்வளவு அவசரம் வரப்போகிறது என்று நான் விட்டது.

“வரும்னு நெனைக்கேன். அந்தக் கட்டு நல்லபடியா போய்ச் சேந்திருந்தா ராத்திரிக்குள்ள வந்துரும். சேரலைன்னா வராது. அதைத் தொறக்காம இப்ப சொல்ல முடியாது.”

“பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்கீகளே” என்றார். “சரி, எளுதுங்க. நான் இங்கன உக்காந்து உங்களைப் பாத்துக்கிட்டிருந்தா உங்க கை நடுங்கும். மருந்து ரூம்லயும் அப்படித்தான். கலக்குறவ மொகத்தப் பாத்துக்கிட்டு யாரும் நிக்கக் கூடாது. நான் வேலைக்குப் போறேன்.”

அவர் போன பிறகு எழுதினேன். அதிகமில்லை, ஒரு கேள்வி, இரண்டு விடை: ‘எப்போது வேண்டும்? இரண்டு நாளில். அரை நாளில்.’ ஆனால் அவசரமாக எழுதாமல் இருப்பதற்கு அவசரமாக எழுதுவதைவிட அதிக முயற்சி வேண்டியிருந்தது. பத்து ஐம்பதுக்குப் பொத்தானை அழுத்தினேன். ‘இன்று இரவு பத்து ஐம்பதுக்குள் வந்துவிடும்’ என்று திரை சொன்னது. நான் மாடத்தியிடம் சொல்லத் துணியாத உறுதியை என் கருவி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாக்கியத்தைத் திருத்தினேன்: ‘வந்ததும் திறந்து பார்த்துச் சொல்கிறோம்’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

அன்று இரவு வீட்டில் ஜெபம் முடிந்து எழுந்தபோது ரீனா கேட்டாள், “யாருங்க அந்த மாடத்தி? பேரைச் சொல்லி ஜெபிச்சீகளே.” சொன்னேன். “வயசு வரம்பெல்லாம் எவன் வச்சான்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு அறையைத் திறந்தேன். ‘வந்துவிட்டது’ என்ற வரி முந்தின இரவே விழுந்திருந்தது. இறக்கினேன். இந்தத் தடவை எண்ணிக்கையை இரண்டாவதாகப் பார்த்தேன், முதலில் தேதியை. டிசம்பர் பதினொன்று, 2023. தீபாவளி லீவு முடிந்து ஆலை திறந்த நாள். வரிசையில் நான்காவது பெயர் மாடத்தி. முப்பதாம் தேதி வரை ஒரு நாள்கூட விடாமல் கையெழுத்து.

அதற்கு முன்னால் எதிர்பாராத ஒரு தாள் இருந்தது. நவம்பர் இருபது. லீவு நாள். ‘மருந்து அறை கழுவியது’ என்று தலைப்பு, கீழே மூன்று பெயர்கள், முதல் பெயர் மாடத்தி. சீசன் முடிந்த பிறகு தரையிலும் சுவரிலும் ஒட்டிய மருந்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் அறையைப் பூட்ட முடியும். அதை விவரம் தெரிந்தவர்களிடம் மட்டுமே விடுவார்கள். அந்தத் தாளையும் பிரிண்ட் எடுத்தேன்.

ஏழே முக்காலுக்கு ஆலை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தனுஷ்கோடி அண்ணாச்சி ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் சீலும் போட்டார். கை வலிக்கிறது என்று நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார்.

“நாளைக்குப் போர்மேன் ஆனா நீதான் தினமும் இப்படிப் போடணும், தெரியும்ல?” என்றார் மாடத்தியிடம்.

“நீங்க சீக்கிரம் போடுங்கண்ணாச்சி. ஒம்பது மணி பஸ்ஸு.”

நவம்பர் இருபதாம் தேதித் தாள் வந்தபோது அண்ணாச்சி சற்று நிறுத்திப் பார்த்தார். பிறகு மற்றதைவிடக் கவனமாகச் சீல் வைத்தார்.

மதியம் இரண்டு மணிக்கு மாடத்தி என் அறைக்குத் திரும்பி வந்தார். கிரில்லைத் தொட்டார், உட்கார்ந்தார், ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு விருதுநகரில் நடந்ததைச் சொன்னார்.

“அங்கன இருந்த சாரு, ஒரிஜினல் எங்கம்மான்னு கேட்டாரு. வெடிச்சுப் போச்சு சாருன்னேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. விபத்தான்னு பதறிட்டாரு. இல்ல சாரு, குளா சுருட்டுனது, தீபாவளிக்கு வெடிச்சதுன்னு வெவரமாச் சொன்னேன். எந்திரிச்சுப் போயி அந்தப் பக்கம் நின்னு சிரிச்சிட்டு வந்தாரு. அப்புறம் சீலு இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பாத்தாரு. மாசத்தை எண்ணுனாரு. கழுவுன தாளைப் பாத்துட்டு, இது லீவு நாளாச்சேன்னு கேட்டாரு. லீவுலதான சாரு கழுவ முடியும்னேன். அதைத் தனியா மேல வச்சுக்கிட்டாரு.”

“வாங்கிக்கிட்டாரா?”

மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்தார். விண்ணப்பம் பெறப்பட்டது. எண், தேதி, முத்திரை. மணி பன்னிரண்டு நாற்பது என்றுகூடப் போட்டிருந்தார்கள். எனக்கு அப்படி மணி போட்டு எழுதுகிறவர்களைப் பிடிக்கும்.

“தேர்வு ஆவணிக்கு முந்தியாம். படிச்சு எளுதுறது என் பாடு” என்றார்.

தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் பதினோரு கம்பெனிகளுக்கும் ‘எடு’வை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது என்று நான் ஏற்கெனவே நோட்டில் குறித்து வைத்துவிட்டேன். மருந்து அறையைக் கழுவுகிற அதே வாரம். கட்டுகளின் பெயருக்குப் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று காட்டவும் எழுதியாகிவிட்டது. தனுஷ்கோடி அண்ணாச்சி தன் பங்குக்கு, இனிமேல் பதிவேட்டை மூன்று தீபாவளி கழித்துத்தான் சுருட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மாடத்தி சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“இதையும் உங்க பெட்டகத்துல போட்டு வைங்க சார்.”

“போடுறேன்க்கா.”

“ஹால் டிக்கெட் வாங்கப் போறப்ப வேணும்பாக. கேட்டா எம்புட்டு நேரத்துல தருவீக?”

“இப்ப போட்டா ஆறு மாசம் முன் அலமாரியில இருக்கும். கேட்ட ஒடனே. அதுக்கப்புறம்னா பன்னெண்டு மணி நேரம்.”

அவர் விரலை மடக்கி மாதத்தை எண்ணினார். பிறகு சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க போட்டு வைங்க. நான் கீழ போயி ரெண்டு ஜெராக்ஸும் எடுத்துட்டு வந்துருதேன்.”